கூடுதலாக ஒரு கடுக்காய்

புளியங்கொல்லையில் ஓடு போட்ட வீடு ஒன்றுதான் இருந்தது. மற்றவை எல்லாம் புல் வேய்ந்தவை. அந்த ஓட்டு வீட்டை மலைக்காரர்கள் கொச்சிக்காரர் வீடு என்பார்கள். வீட்டின் பாதி கிடங்கு. ஜவ்வாது மலையில் பொறுக்கிய கடுக்காயும் உரித்த ஆவாரம்பட்டையும் அங்கே வந்து சேரும். மட்டக்குதிரையின் முதுகில் எட்டு மைல் இறங்கி ஆலங்காயம் போகும். பிறகு வண்டியேறி வாணியம்பாடியில் தோல் பதனிடும் கொட்டகைகளுக்குப் போகும். கிடங்குக் கதவைத் திறந்தால் நாக்கே துவர்க்கும்.

முதலில் வந்தவர் யோசேப்பு. கொச்சிக்கு வடக்கே ஓர் ஊரிலிருந்து வியாபாரத்துக்காக வந்த யூதர். அடிவாரத்துக் கிறிஸ்தவர்கள் அவரை முஸ்லிம் என்று நினைத்தார்கள். வாணியம்பாடி சாயபுமார் கிறிஸ்தவர் என்று நினைத்தார்கள். மலைக்காரர்கள் ஒன்றும் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை மாலை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும் வரை அவர் தராசைத் தொடமாட்டார், அடுப்பு மூட்டமாட்டார், குதிரையை அவிழ்க்கமாட்டார் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். வீட்டார் அதைச் சாபத்து என்றார்கள். மலைக்காரர்கள் 'சாவுகாரு சும்மா குந்திக்கீற நாளு' என்றார்கள்.

யோசேப்பு இறந்த பிறகு மூத்த மகன் எப்ராயிம் வியாபாரத்தைப் பார்த்தார். மனைவியை இழந்தவர், ஐம்பது வயது. கொச்சியில் வாழப்போய் விதவையாகத் திரும்பிய தங்கை சிம்ஹா அவரோடு இருந்தாள். கடைசித் தம்பி நப்தலி அந்த வீட்டில் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் அவன் ஆலங்காயம் மாதா கோயிலில் வைத்து சாந்தாமேரி என்ற பள்ளிக்கூடத்து டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டான்.

சேதி வந்த அன்று எப்ராயிம் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைப் பிடித்துக் கிழித்தார். வெறுந்தரையில் ஏழு நாள் உட்கார்ந்தார். செத்தவர்களுக்குத்தான் அப்படி உட்காருவது. அது சாவு வீடு என்று மட்டும் ஊருக்குப் புரிந்தது. ஆளுக்கொரு சுமை விறகும் ஒரு முறம் சாமையும் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். கிடங்கு வேலைக்கு வரும் முனியன்தான் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்.

"யாரு சாவுகாரே தவறிட்டது?"

"என் தம்பி."

"சின்ன சாவுகாரா? நேத்து சந்தையில பாத்தேனே. எனக்கு பீடி வாங்கிக் குடுத்தாரே!"

முனியன் விறகைத் திரும்ப எடுத்துப்போவதா வேண்டாமா என்று தெரியாமல் வெகுநேரம் நின்றிருந்தான்.

இரண்டு வருஷமாக நப்தலியும் மனைவியும் மலையிலேயே இருந்தார்கள். புளியங்கொல்லையிலிருந்து இரண்டு மைலில் இருந்த கொட்டாம்பாறையில் மாதா கோயில்காரர்கள் கூரைப் பள்ளிக்கூடம் ஒன்று திறந்திருந்தார்கள். சாந்தாமேரி அதற்கு டீச்சர். சந்தையில் அண்ணன் எதிரே வந்தால் நப்தலி ஒதுங்கி நின்று வழிவிடுவான். எப்ராயிம் காற்றைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார்.

அது யுத்த காலம். மண்ணெண்ணெய் கிடைக்காமல் வீடுகளில் இலுப்பெண்ணெய் எரிந்தது. மார்கழி பிறந்தும் மழை விடவில்லை. பதினைந்து நாள் சூரியனே இல்லை. பாதை அறுந்தது, சந்தை கூடவில்லை, தபாலும் வரவில்லை. கிடங்கில் ஈரக் கடுக்காய் பூசணம் பிடிக்கப் பார்த்தது. சிம்ஹா அதைத் தினமும் கையால் புரட்டிப்போட்டாள். அதே சமயம் எப்ராயிமை மலைக்காய்ச்சல் பிடித்தது. எட்டு நாள் கம்பளிக்குள் நடுங்கிக் கிடந்தார்.

நாள் எண்ணுவதற்கு அந்த வீட்டில் யோசேப்பு விட்டுப்போன வழக்கம் ஒன்று உண்டு. மரப்பட்டைக்காக மாதக்கணக்கில் காட்டில் தங்கிய நாளில் அவர் கண்டுபிடித்தது. மாடத்தில் இரண்டு பித்தளைக் கிண்ணம். ஒன்றில் ஏழு கடுக்காய். சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஒரு காயை எடுத்து மற்றதில் போட வேண்டும். ஆறாவது காய் விழுகிற மாலை வெள்ளி. அன்றைக்கு இரண்டு விளக்கு. கொச்சியிலிருந்து வருஷா வருஷம் வரும் பஞ்சாங்கத் தாள் யுத்தத்தால் வராமல் நின்ற பிறகு, அந்தக் கிண்ணங்கள்தான் வீட்டின் பஞ்சாங்கம். அண்ணன் படுத்திருந்த நாட்களில் சிம்ஹா காய் போட்டாள்.

காய்ச்சல் விட்டு எழுந்ததும் எப்ராயிம் முதலில் போய்ப் பார்த்தது கிண்ணத்தைத்தான். மறுநாள் மாலை ஆறாவது காய் விழுந்தது.

"வெளக்கு ஏத்து சிம்ஹா."

அவள் திரியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். "எனக்கு இன்னிக்கி வியாழன் மாதிரி தோணுதுண்ணா."

"உனக்குத் தோணுறத வெச்சா ஆண்டவரு நாள் உண்டாக்கினாரு? காய எண்ணிப் பாரு."

எண்ணினாள். ஆறு இருந்தது. ஏற்றினாள்.

மறுநாள் விடிந்து சற்று நேரத்தில், தூறலில் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, நப்தலி வாசலில் வந்து நின்றான். நிலைப்படிக்கு வெளியேயே நின்றான்.

"அண்ணா."

எப்ராயிம் மடியில் ஜெபப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். தலை நிமிரவில்லை. உள்ளிருந்து சிம்ஹா நொண்டிக்கொண்டே ஓடிவந்தாள்.

"டேய், நப்தலி! உள்ள வாடா. இப்பிடி நனையிறியே."

"இருக்கட்டும்க்கா. சாந்தாவுக்கு எட்டாம் மாசம். நாலு நாளா ஜுரம். காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. நேத்திலேர்ந்து கண்ணு இருட்டிக்கினு வருதுன்றா. ரெண்டு தபா ஏற்கெனவே தங்கல, உனக்குத் தெரியும். குதிரைய குடுத்தா மெள்ள ஒக்கார வெச்சு, மத்தியானத்துக்குள்ள ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போய்டுவேன்."

சிம்ஹா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வந்தவர் கிட்ட சொல்லு," என்றார் எப்ராயிம் புத்தகத்தைப் பார்த்தபடியே. "இன்னிக்கி சாபத்து. மனுஷனுக்கும் ஓய்வு, மிருகத்துக்கும் ஓய்வு."

"அண்ணா, இன்னிக்கி வெள்ளிக்கெழம," என்றான் நப்தலி. "சாபத்து இனிமேதான். பொழுது சாயணும்."

எப்ராயிம் சிரித்தார். ஒன்பது வருஷத்தில் முதல் முறையாகத் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எத்தினி சாபத்து வெச்ச நீ, ஒம்போது வருஷத்துல? சாபத்து நாளையே வுட்டுட்டுப் போனவன் எனக்கு நாள் சொல்ல வந்துட்டியா?"

"பள்ளிக்கூடத்துல தெனம் பலகைல தேதி எழுதறோம்ணா. அவ படுத்ததிலேர்ந்து நான் எழுதறேன். நேத்து வியாழன்னு என் கையால எழுதினேன்."

"மாதா கோயில் பலகை."

"பலகைக்கு இன்னாண்ணா கோயிலு? சுண்ணாம்புல எழுதறதுதானே." அவன் குரல் ஏறி, மறுபடி இறங்கியது. "சரி, நீ சொல்றாப்பல சனிக்கெழமையாவே இருக்கட்டும். அப்பா இன்னா சொல்லுவாரு? உயிருன்னு வந்தா நாள் பாக்காதன்னு சொன்னாரா இல்லியா?"

"ஆமாண்ணா, சொன்னாரு," என்றாள் சிம்ஹா. "பட்டை உரிக்கிற மாதையனைப் பாம்பு கடிச்சப்ப, சாபத்துலதானே அப்பாவே குதிரைய ஓட்டிக்கினு எறங்கினாரு?"

"அது பாம்பு. இது ஜுரம். ஜுரம் இந்த மலையில யாருக்கு வரல? எட்டு நாள் கெடந்தேன். எந்தக் குதிரை மேல நான் ஏறினேன்? படுத்தேன், எழுந்தேன்."

"நீ புள்ளத்தாச்சியாண்ணா?" என்றாள் சிம்ஹா.

வேறு சமயமாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். கொட்டிலிலிருந்து குதிரை கனைத்தது. அதற்கு நப்தலியின் குரல் தெரியும். குட்டியாக இருந்தபோது அதற்குக் கொள்ளு ஊட்டியவன் அவன். அவன் கொட்டில் பக்கம் பார்த்தான்.

"நானே அவுத்துக்கினு போலாம். எனக்கும் இது அப்பா வூடுதான். உன்ன மீறி எடுத்தேன்னு பேரு வாணாம். நீ குடுத்தா வாங்கிக்கிறேன்."

எப்ராயிம் பக்கத்தைப் புரட்டினார். நப்தலி திரும்பி நடந்தான். சிம்ஹா தன் கம்பளியை எடுத்துக்கொண்டு மழையில் ஓடி அவன் தோளில் போட்டாள். ஒரு துணியில் சுக்கும் பனைவெல்லமும் முடிந்து கையில் திணித்தாள்.

"முட்டி சரியா இருந்தா நானும் வந்திருவேன்டா. மேலத்தெரு பசங்கள கேளு. டோலி கட்டித் தூக்குவாங்க."

"பாதி பேரு ஜுரத்துல கெடக்கிறாங்கக்கா. பாக்கறேன். நீ உள்ள போ."

அவள் திரும்பி வந்தபோது எப்ராயிம் அதே பக்கத்தில்தான் இருந்தார். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தார் என்று அவருக்கே தெரியாது. ஒன்று மட்டும் தெரியும், அதைப் பிற்பாடு அவர் யாரிடமும் மறைக்கவில்லை. குதிரை தரமாட்டேன் என்று சொன்னபோது அவர் மனசின் ஒரு மூலையில் ஒரு திருப்தி இருந்தது. ஒன்பது வருஷமாகச் சொல்லக் காத்திருந்த சொல்லைச் சொல்ல, ஆண்டவருடைய நாளே கதவாக வந்து வாய்த்ததே என்ற திருப்தி.

மறுநாள் காலையில் மழை விட்டது. மலை முழுவதும் ஆவி பறந்தது. பதினைந்து நாளைக்குப் பிறகு வந்த வெயிலைக் கண்டதும் எப்ராயிமுக்கு உடம்பில் புதுத் தெம்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, வாரத்தின் முதல் நாள். அடுப்பை அவரே ஊதி மூட்டினார். முனியனைக் கூப்பிட்டு, கடுக்காயைப் பாறை மேல் பரப்பச் சொன்னார். பூசணம் பிடித்ததைப் பொறுக்கித் தள்ளினார். பட்டைக் கட்டுகளைத் தராசில் ஏற்றி எடை போட்டார். குதிரைக்குச் சேணம் வைத்து இரண்டு மூட்டை கட்டினார். சிம்ஹா ஒரு வார்த்தையும் பேசாமல் களி கிண்டினாள். நேற்றிலிருந்தே அவள் பேசவில்லை.

பத்து மணி இருக்கும். கீழ்ப்பாதையில் மணிச் சத்தம் கேட்டது. தபால்காரர் பாண்டுரங்கன் இடுப்பு வரை சேறோடு ஏறிவந்தார்.

"வாய்யா," என்றார் எப்ராயிம். "பத்து நாளா ஆளையே காணும். ஞாயித்துக்கெழம கூட ஓட வெக்கிறானா வெள்ளக்காரன்?"

பாண்டுரங்கன் மூட்டையை இறக்கி மூச்சு வாங்கினார். "ஞாயித்துக்கெழம எவன் ஓடுவான்? இன்னிக்கி சனிக்கெழமங்க. நாளைக்கி நான் குப்புறப் படுத்துத் தூங்குவேன்ல." அப்போதுதான் அவர் தராசைப் பார்த்தார். சேணம் போட்ட குதிரையைப் பார்த்தார். "இன்னா சாவுகாரே இது, சும்மா குந்திக்கீற நாளும் அதுவுமா எடை போடறீங்க? மழையில நாளு குழம்பிப்போச்சா?"

எப்ராயிமின் கையிலிருந்த படிக்கல் தட்டில் விழுந்தது.

"வெளையாடாத."

"நான் இன்னாத்துக்கு வெளையாடறேன்? முத்திரையப் பாருங்க." ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். வெள்ளிக்கிழமைத் தேதியில் ஆலங்காயத்து முத்திரை, மை கூடக் காயாததுபோல் பளிச்சென்று இருந்தது.

எப்ராயிம் வீட்டுக்குள் திரும்பினார். "சிம்ஹா! எப்பிடி எண்ணின நீ?"

அவள் கரண்டியோடு வந்தாள். "வெளக்கு வெச்சதும் ஒரு காயி. ஒரு நாளும் வுடல, ஒரு நாளும் கூடப் போடல. அப்பா மேல ஆணையா."

"அப்ப எப்பிடி..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஞாபகம் வந்தது. காய்ச்சல் உச்சத்தில் இருந்த ஒரு மாலை. கண் திறந்தபோது விளக்கு எரிந்தது, வீட்டில் யாரும் இல்லை. சிம்ஹா குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். நான் படுத்தால் இந்த வீட்டில் நாள் தவறிவிடும் என்று தோன்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு மாடம் வரை போனார். நடுங்குகிற கையால் ஒரு காயை எடுத்துப் போட்டார். 'டிங்' என்று கேட்ட சத்தம் கூட இப்போது ஞாபகம் வந்தது. அந்தக் காய்ச்சலிலும் கடமை மறக்கவில்லை என்று எண்ணிக்கொண்டே அன்று தூங்கிப்போனார்.

"நான் போட்டேன்," என்றார். "நீ போட்டதுக்கு மேல நானும் ஒண்ணு போட்டேன்."

பாறை மேல் கடுக்காயைப் பரப்பிக்கொண்டிருந்த முனியன் கையை நிறுத்திவிட்டான்.

பாண்டுரங்கன்தான் மெதுவாகச் சொன்னார். "உங்க தம்பியப் பாத்தேங்க. ஆத்துக்கு இந்தாண்ட, பாஞ்சாலை குடிசையில கீறாங்க. டோலி தூக்க ஆளு சேக்கறதுக்கே நேத்து உச்சியாய்டுச்சாம். அவங்க வந்து சேர்றதுக்குள்ள ஆறு நெரம்பிப்போச்சு. அங்கயே வலி எடுத்துட்டுது. அந்தம்மாவுக்கு ரத்தம் நிக்கலயாம். இப்ப தண்ணி வடிஞ்சிடுச்சு, கயித்தப் புடிச்சிக்கினு தாண்டி வந்தேன். தூக்கினவங்கள்ல ரெண்டு பேரு ஜுரத்துல விழுந்துட்டாங்க."

"கொழந்த?" என்றாள் சிம்ஹா.

பாண்டுரங்கன் தபால் மூட்டையின் கயிற்றை இறுக்கினார். "போய்ப் பாருங்கம்மா," என்றார்.

எப்ராயிம் தரையில் உட்கார்ந்தார். அடுப்பில் தீ எரிந்துகொண்டிருந்தது. தராசு ஆடிக்கொண்டிருந்தது. எல்லாம் அவர் கையால் செய்தவை.

"நெஜமான சாபத்து இதுதான்," என்றார். "இதுல தீ மூட்டினேன். எடை போட்டேன். மூட்டை ஏத்தினேன். கதவ சாத்து சிம்ஹா. பொழுது சாயற வரைக்கும் தண்ணி கூட குடிக்கமாட்டேன். உள்ள கெடந்து அழறேன்."

சிம்ஹா அவர் முன்னால் வந்து நின்றாள். அண்ணனிடம் அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

"அழுவ. கதவ சாத்திக்கினு அழுவ. நேத்து இல்லாத சாபத்துக்கு குதிரைய கட்டிப்போட்ட. இன்னிக்கி இருக்கிற சாபத்துல அத அவுத்துவுடுண்ணா. அவ இன்னும் உயிரோட கீறா."

அவர் எழுந்தார். மூட்டையின் முடிச்சு இறுகி, அவிழ மறுத்தது. முனியன் ஓடிவந்து அரிவாளால் கயிற்றை வெட்டினான். இரண்டு மூட்டையும் பொத்தென்று விழுந்து, கடுக்காய் முற்றம் எங்கும் உருண்டது. சிம்ஹா வீட்டில் இருந்த பழந்துணி எல்லாவற்றையும் சேணத்தின் மேல் மடித்துப் போட்டாள்.

பாஞ்சாலையின் குடிசை ஆற்றின் மேட்டில் இருந்தது. அவள் புருஷன் மாதையன், ஒரு காலத்தில் பாம்பு கடித்துப் பிழைத்தவன், வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். நேற்று டோலி தூக்கிய நாலு பேரில் அவனும் ஒருவன். தோளில் தோல் உரிந்திருந்தது. நப்தலி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். அண்ணனையும் குதிரையையும் பார்த்ததும் எழுந்து நின்றான், சந்தையில் வழிவிடுகிற மாதிரி.

எப்ராயிம் வழி நெடுகச் சொல்லிப்பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எதுவும் வாயில் வரவில்லை.

"நேத்து வெள்ளிக்கெழமதான்," என்றார்.

"ம்."

"நீ சொன்ன."

"வுடுண்ணா. குதிரை இருந்தாலும் ஆத்தத் தாண்டியிருக்காது. தண்ணி அப்பிடி வந்துது."

விறகு பிளந்துகொண்டிருந்த மாதையன் நிமிர்ந்தான். "இன்னா சின்ன சாவுகாரே அப்பிடி சொல்றீங்க? காலைல முழங்காலு தண்ணிதானே? நான் மாட்ட ஓட்டிக்கினு போய்ட்டு வந்தேனே. உச்சிக்கு மேலதான் மேல்மலைத் தண்ணி..."

நப்தலி அவனைப் பார்த்தான். மாதையனுக்கு அப்போதுதான் புரிந்தது. கோடரியை எடுத்துக்கொண்டு குடிசைக்குப் பின்னால் போய்விட்டான்.

"அவன் வேற எடத்தச் சொல்றான்," என்றான் நப்தலி.

தம்பி சொன்ன பொய்யை எப்ராயிம் அறிந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ஒரு கல்லை எடுத்து எறிந்திருந்தால் கூட நின்று வாங்கியிருப்பார். தன்னைக் காப்பாற்ற அவன் சொன்ன அந்தச் சின்னப் பொய்யின் முன்னால் நிற்க முடியவில்லை. அவர் தலையிலிருந்த தொப்பியைச் சரிசெய்வதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"கொழந்த எங்க?"

நப்தலி மேட்டில் நின்ற நாவல் மரத்தைக் காட்டினான். அதன் அடியில் புது மண், முழ நீளம் கூட இல்லை. பன்றி கிளறாமல் இருக்க யாரோ முள் வெட்டிப் போட்டிருந்தார்கள்.

"பொண்ணு. விடியற வரைக்கும் இருந்துது. சாந்தா ஞானஸ்நானத் தண்ணி ஊத்திப் பேரு வெச்சா."

"இன்னா பேரு?"

"சிம்ஹா."

எப்ராயிம் ஆற்றோரம் போய் ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தார். கொச்சியில் பிதாக்களின் கல்லறையில் வைப்பதுபோல் அதை மண்ணின் மேல் வைத்தார். முப்பது நாள் நிறையாத குழந்தைக்குத் துக்கம் காத்துத் தரையில் உட்காரும் வழக்கம் இல்லை என்று அப்பா சொல்லித் தந்திருந்தார். உயிரோடு இருந்த தம்பிக்கு ஏழு நாள் உட்கார்ந்தவருக்கு, செத்துப்போன இந்தப் பிள்ளைக்கு உட்கார ஒரு நாள் கூட இல்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

பாஞ்சாலை மண்சட்டியில் சாமைக்கஞ்சி கொண்டுவந்தாள். கிட்டே வந்ததும் தயங்கினாள். முப்பது வருஷமாக அந்த மனிதர் எந்த வீட்டிலும் தண்ணீர் கூடக் குடித்ததில்லை, தன் செம்பைத் தானே கொண்டுவருவார் என்பது மலைக்கே தெரியும்.

"ஒடம்பு சரியில்லாதவரு, நடந்தே வந்துக்கீறீங்க. உப்பு மட்டுந்தான் போட்டிருக்குது. நம்மூட்ல குடிப்பீங்களா?"

"குடும்மா," என்று இரண்டு கையாலும் வாங்கினார். சூடாக இருந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்து, சட்டியைக் கழுவிக் கொடுத்தார். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள்.

சாந்தாமேரியைப் பாஞ்சாலையும் நப்தலியும் தாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். முகத்தில் ரத்தமே இல்லை. சிம்ஹாவின் கம்பளி அவளைச் சுற்றியிருந்தது. எப்ராயிமைக் கண்டதும் அதைத் தலைமேல் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், கை எட்டவில்லை.

"நடந்தா வந்தீங்கண்ணா?" என்றாள். "இப்பதானே ஜுரம் வுட்டுது உங்களுக்கு. அவரு சொன்னாரு."

அவர் தலை குனிந்தது. "நான் நாளத் தப்பா எண்ணிட்டேம்மா. அது மட்டும் இல்ல. சரியா எண்ணியிருந்தாலும்..."

"படுத்தா எல்லாருக்கும் நாளு மறந்துபோவுது," என்றாள் அவள். "எனக்கும் இன்னிக்கி இன்னா நாளுன்னே தெரியல."

குதிரை அசையாமல் நின்றது. அவளை ஏற்றி, நப்தலி ஒரு பக்கமும் மாதையன் மறுபக்கமும் பிடித்துக்கொண்டார்கள். குதிரையின் கயிற்றை எப்ராயிம் பிடித்தார். ஆற்றில் அவரே முதலில் இறங்கினார். தண்ணீர் தொடை வரை இருந்தது. ஒவ்வொரு கல்லையும் காலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குதிரையை இழுத்தார். அக்கரை ஏறியதும் மாதையன் திரும்பிக்கொண்டான். தோள் வலிக்குத் தடவிக்கொள்ள எண்ணெய் அனுப்புவதாக எப்ராயிம் சொன்னார். "பாம்புக்கடிக்கு உங்கப்பாரு ஓட்டிக்கினு போனாரே, அப்ப இன்னா குடுத்தேன் நானு?" என்று அவன் சிரித்தான். வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் எப்ராயிம் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

இறக்கத்தில் மெதுவாகத்தான் போக முடிந்தது. சாந்தாமேரி முனகினால் நின்றார்கள். மூங்கில் காட்டில் ஒரு தடவை, சுனையருகே ஒரு தடவை அவளை இறக்கிப் படுக்க வைத்து, சுக்கும் வெல்லமும் கரைத்துக் கொடுத்தார்கள். அண்ணனும் தம்பியும் அதிகம் பேசவில்லை. கல்லு, பள்ளம், கிளை என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள். ஒன்பது வருஷப் பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது.

"அக்காவுக்கு யாரு சொல்றது?" என்று நப்தலி ஒருமுறை கேட்டான்.

"நான் சொல்றேன். பேரையும் நானே சொல்றேன். நான்தான் சொல்லணும்."

அடிவாரத்துக்கு வந்தபோது பொழுது இறங்கிவிட்டது. ஆலங்காயத்து ஆஸ்பத்திரியின் வெளிச்சம் புளியமரங்களுக்கு நடுவே தெரிந்தது. சாந்தாமேரி குதிரையின் கழுத்தில் சாய்ந்து, மூச்சு சீராக வர, அரைத்தூக்கத்தில் இருந்தாள். மழை கழுவிய வானம் சுத்தமாக இருந்தது. இந்த நேரத்தில் எப்ராயிம் முற்றத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்ப்பார் என்பது நப்தலிக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். மூன்று நட்சத்திரம் எண்ணி, சாபத்து முடிந்தது என்று வீட்டுக்குச் சொல்லுகிறவர் எப்போதும் அவர்தான்.

இன்றைக்கு அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. குதிரையின் குளம்புக்கு முன்னால் இருந்த பாதையை மட்டும் பார்த்து நடந்தார்.

"அண்ணா, நட்சத்திரம் வந்திருக்கும்," என்றான் நப்தலி.

"நீ பாத்துச் சொல்லு."

"நானா?"

"நீ எண்ணிச் சொல்லுடா. நீ எத்தினின்னு சொல்றியோ அத்தினி."

நப்தலி நின்றான். மனைவியின் முதுகில் வைத்த கையை எடுக்காமல், தலையை மட்டும் உயர்த்தினான். வெகுநேரம் பார்த்தான்.

"ரெண்டுதாண்ணா தெரியுது," என்றான்.

"அப்ப இன்னும் முடியல," என்றார் எப்ராயிம். கயிற்றை மெதுவாக இழுத்தார். குதிரை நடந்தது.